எட்டு மூடி சர்க்கரை

“உள்ள போனாத்தானே வெளிய வரும்? பிள்ளைக்கு வயித்தால போகுதா, தண்ணியை நிறுத்து. தானா நின்னுடும். இதுக்கு மேல காம்பியாவுல எவனுக்கும் வைத்தியம் தெரியாது” என்று சிதியா பாட்ஜி படகடியில் அறிவித்தான். வலை பின்னிக்கொண்டிருந்த நால்வரும் தலையாட்டினார்கள். அந்த நால்வருக்கும் அதற்கு மேல் தெரியாது என்பது உண்மைதான்.

அவன் கோபமெல்லாம், ஆலோசனை இங்கே கிடைக்கும் என்பதற்கு அடையாளமாக வாசலில் சிவப்புக் கொடி கட்டியிருந்த மூன்று பெண்கள் மேல். நர்சிடம் ஒரு வாரம் பாடம் கேட்டு, அந்த ஊரில் முதன்முதலாக வைத்தியம் சொல்லக் கிளம்பியவர்கள். சோடாப் பாட்டிலால் மூன்று பாட்டில் தண்ணீர், அதன் மூடியால் எட்டு மூடி சர்க்கரை, ஒரு மூடி உப்பு. கலந்து பிள்ளைக்குக் கொடு என்றார்கள்.

“ஓட்டைப் படகுக்குள்ள தண்ணி ஊத்துறாளுங்கடா! ஆட்சியைக் கவுக்கப் பாத்த கலகம் முடிஞ்சு ஒரு வருஷந்தான் ஆச்சு, அதுக்குள்ள சிவப்புக் கொடி வேற!”

ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஊர் இடுகாட்டில் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னக் குழிகள் வெட்டுவார்கள். இந்த மழைக்கு ஒன்றுகூட வெட்டவில்லை. காற்று திசை மாறியதே காரணம் என்று சிதியா விளக்கினான்.

பிறகு அவன் மகன் தெம்பாவுக்கே வயிற்றுப்போக்கு கண்டது. சிதியா தன் சட்டத்தை அமல்படுத்தினான். தண்ணீர்ப் பானைமேல் ஏறி உட்காரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் அவன் மனைவி நியுமா, அவனைக் கேட்காமலே, கொடிக்காரி நிலான் ஃபாயியைக் கூட்டிவந்தாள். நிலான் செரேர் இனம், சிதியா ஜோலா. இந்த இரண்டு இனத்தாரும் எங்கே சந்தித்தாலும் ஒருவரையொருவர் அடிமை என்று கேலியாகத் திட்டிக்கொள்வதுதான் வணக்கம்; பாட்டன் காலத்து வழக்கம்.

“வாடி என் அடிமை! சோத்து வாசனை புடிச்சு வந்தியா?”

நிலான் திருப்பித் திட்டாமல் நேரே குழந்தையிடம் போனாள். எந்தச் செரேர்க்காரியும் அவனைச் சும்மா விட்டதில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. சிதியா குனிந்து பார்த்தான். இன்னும் நின்றது.

“கடைசியா எப்ப தண்ணி குடுத்தே?”

“நேத்து காலையில, அக்கா. இவருதான் வேணாம்னு...”

“பிள்ளை காஞ்சு போயிட்டான், சிதியா.”

இத்தனை வருடத்தில் அவள் வாயில் அவன் பெயர் வந்ததே இல்லை.

“செத்துருவானா?”

“பொழுது சாயுறதுக்குள்ள இது காலியாகணும்” என்றபடி அவள் எட்டு மூடியையும் எண்ணிக் கலக்கினாள். “ஒரு கரண்டி குடு, கொஞ்சம் பொறு, மறுபடி ஒரு கரண்டி. வாந்தி எடுத்தாலும் நிறுத்தாத, கொஞ்சம் விட்டுக் குடு. நியுமா, நீ மடியில போட்டுக்க.” யாரையும் பாராமல் கரண்டியை நீட்டினாள்.

சிதியா வாங்கிக்கொண்டான்.

“சிதியா, படகு கிளம்புது!” என்று வெளியே கூப்பிட்டார்கள். அவன் காலால் கதவைச் சாத்தினான்.

முதல் கரண்டி கடைவாயில் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதற்குக் குழந்தையின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவன் நான்காவதை மொண்டான்.