ஏழாம் மாடிக்குப் படியில் ஏறுகிறவர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் யோசித்த கதை இல்லை. என் தங்கையின் வீட்டுக்காரர் சனிக்கிழமை போனில் சொன்னது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். வெள்ளிக்கிழமைதான் மனைவி, ஐந்து வயதுப் பெண், ஆறு பெட்டி என்று குடும்பத்தோடு வெளிநாட்டில் போய் இறங்கினார். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். நடுவில் இருப்பது ஒரு சனியும் ஒரு ஞாயிறும். பால் எங்கே கிடைக்கும், குப்பையை எங்கே போடுவது, எந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்று கற்றுக்கொள்வதற்கான இரண்டு நாள்.

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அந்த ஊரில் இறங்கியபோது மழை..." [மழை பெய்ததா என்று கேட்க மறந்துவிட்டேன்.]

"ஏழாவது மாடிச் சன்னலில் இருந்து பார்த்தால்..." [அவர் சன்னல் பக்கமே போகவில்லை. யாருக்கு வேண்டும் இது?]

"லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. அதற்கப்புறமும் லிஃப்ட் நகர்ந்தது." [இதுதான். மாப்பிள்ளை சொல்ல ஆரம்பித்ததும் இந்த இடத்திலிருந்துதான்.]

2

மூன்று பேரும் ஆறு பெட்டியுமாக ஏழாம் மாடியில் கதவு திறந்ததும், லிஃப்டின் தரை மாடித் தரைக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. பெட்டியின் சக்கரம் தட்டியது. பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்ட பிறகு, காலி லிஃப்ட் ஒரு விரற்கடை மேலே ஏறியது. மாப்பிள்ளை அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, வந்ததும் வராததுமா என்ன ஆராய்ச்சி? பாப்பாவுக்குத் தூக்கம் சொக்குது."

"பாரம் இருந்தா கீழ போகுது, இல்லன்னா எதிர்ப்பாரம் இழுத்து மேல போகுது. பிரேக் பிடிக்கல."

* இந்த இடத்தில் நான் "லிஃப்ட் அறுந்து விழப்போகிறது" என்று எழுதியிருந்தேன். மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார். "கயிறெல்லாம் லேசுல அறுந்துடாது மச்சான். கதவு திறந்திருக்கும்போதே நகரும். ஆளுக்கு ஒரு கால் உள்ள இருக்கும், ஒரு கால் வெளிய இருக்கும்."

3

சனிக்கிழமை காலை, லிஃப்டில் ஒட்டியிருந்த எண்ணுக்கு, தனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில் போன் போட்டார். எடுத்த பெண் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா? இல்லை. அப்படியானால் திங்கட்கிழமை ஆள் வரும். உங்கள் பெயர் என்ன, வீட்டு எண் என்ன? அவர் போனை வைத்துவிட்டார்.

காரணம் இருக்கிறது. அந்த எண்ணுக்கு மேலே இருந்த கம்பெனி முத்திரைதான் அவருடைய வேலைக் கடிதத்திலும் இருந்தது. புது வேலையின் போர்மேன் முன்பே போனில் கறாராகச் சொல்லியிருந்தார்: பரீட்சை எழுதி அந்த ஊர் உரிம அட்டை வாங்கும்வரை எந்த லிஃப்டிலும் கை வைக்கக் கூடாது, வைத்தால் அன்றைக்கே ஊருக்கு விமானம். லிஃப்டை ஒரேயடியாக நிறுத்த மொட்டைமாடி மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை இறக்குவது அரை நிமிட வேலைதான். ஆனால் அந்த வாசலில் கேமரா இருந்தது.

ஆகவே மாப்பிள்ளை நம் ஊர் வைத்தியத்தைச் செய்தார். நம் பக்கத்தில் லிஃப்ட் கெட்டுப்போனால், மெக்கானிக் வரும்வரை வாட்ச்மேன் கதவுக்கு நடுவில் ஒரு செருப்பைப் போட்டுவைப்பார். கதவு மூடாது, கூப்பிட்டாலும் லிஃப்ட் போகாது. பார்க்கிறவர்களும் புரிந்துகொண்டு முனகியபடி படிப்பக்கம் போய்விடுவார்கள். மாப்பிள்ளை தன் இடது கால் செருப்பை ஏழாம் மாடிக் கதவில் வைத்துவிட்டு வந்தார்.

இருபது நிமிடத்தில் அழைப்பு மணி அடித்தது. வெளியே பக்கத்து வீட்டம்மா. இரட்டைக் குழந்தைகளை உட்காரவைத்த தள்ளுவண்டி ஒரு கையில், துடைத்துச் சுத்தமாக்கிய செருப்பு இன்னொரு கையில். புதிதாக வந்தவர்கள் தவறவிட்டுவிட்டார்கள், பாவம் என்று நினைத்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. மாப்பிள்ளை அசடு வழிய வாங்கிக்கொண்டார். அவள் திரும்பி, வண்டியை இழுத்தபடி பின்பக்கமாக லிஃப்டுக்குள் நுழைந்தாள். அப்படித்தான் அவளுக்குப் பழக்கம். அவள் முழுசாக உள்ளே போய்க் கதவு மூடும்வரை மாப்பிள்ளைக்கு உயிர் போய் உயிர் வந்தது.

[இந்தச் செருப்பு விஷயத்தை அவர் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.]

4

அன்றிலிருந்து அவர்கள் மூவரும் படிதான். பாப்பா எண்ணிச் சொன்னாள், நூற்றுப் பன்னிரண்டு படி. அரிசி, பால், வாளி, துடைப்பம் எல்லாம் நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி வந்தன. நாலாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது தங்கை கேட்டாள்.

"லிஃப்ட்ல ஏறாதேன்னு எங்ககிட்ட சொன்னீங்க. அந்தம்மாகிட்ட?"

"அவங்க பாஷை எனக்குச் சரியா வராது."

"வேணாம்னு கையை ஆட்டுறதுக்கு பாஷை எதுக்குங்க?"

"நீ யாரு, உனக்கெப்படித் தெரியும்னு கேட்பாங்க. பேச்சு ஆபீஸ் வரைக்கும் போயிடும். அதுவும் இல்லாம, இங்க இருக்கிற புது மெஷின்லாம் மாடித் தரைக்குத் தானே மட்டம் பார்த்து லேசா நகரும்னு கேள்வி. நான் தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா நல்லதுதானே?"

அவர் அரிசிப் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு ஏறினார்.

5

இங்கே எனக்கு மாப்பிள்ளைமேல் எரிச்சல் வந்தது. என்ன மனுஷன் இவர்? தன் பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டு ஊரை அம்போவென்று விட்டுவிட்டாரே! கோழை என்று ஒரு பத்தி எழுதினேன். நன்றாகக்கூட வந்திருந்தது. பிறகு முடிவுகளை யோசித்தேன்.

மாப்பிள்ளை துணிந்து மேலே போய்ச் சுவிட்சை இறக்குகிறார். திங்கட்கிழமை போர்மேன் வந்து பிரேக்கைப் பார்த்துவிட்டு அவர் தோளில் தட்டிக்கொடுக்கிறார். [சினிமா.]

லிஃப்டில் ஒரு கோளாறும் இல்லை. திங்கட்கிழமை எல்லோரும் சிரிக்கிறார்கள். [எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.]

மூன்றாவதை எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். "அவள் உள்ளே போய்விட்டாள். தள்ளுவண்டியின் முன்சக்கரம் மட்டும் வெளியே இருந்தது, அப்போது..."

தாளைக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். சனிக்கிழமை மாப்பிள்ளை என்னிடம் கதை சொல்லக் கூப்பிடவில்லை, யோசனை கேட்கக் கூப்பிட்டார். "மச்சான், நிறுத்திடவா?" என்றார். "வந்த இடத்துல நமக்கெதுக்கு வம்பு? திங்கட்கிழமை வரைக்கும் வாயை மூடிட்டு இருங்க" என்றேன். அவர் என் பேச்சைத் தட்டமாட்டார். கோழை என்று எழுதிய பத்தியை அடித்துவிட்டேன். அதில் இருந்தது அவர் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் தங்கையிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணா, இப்ப ரெண்டு விரல் நகருது." அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டாம் பகுதியின் நடையைத் திருத்தினேன்.

6

மேலே எழுத முடியவில்லை. போன் போட்டேன். நாலைந்து மணி அடித்ததும் எடுத்தார். மூச்சு இரைத்தது.

"மாப்பிள்ளை, நான் நேத்துச் சொன்னது..."

"படியில இருக்கேன் மச்சான். ஏழாம் மாடியைத் தாண்டிட்டேன்."

ஏழுக்கு மேல் அவருக்கு வீடு இல்லை. மெஷின் ரூம்தான்.

"கேமரா இருக்குன்னீங்களே?"

"இருக்கு. அதான் நீங்க கூப்பிட்டது நல்லதாப் போச்சு. ஒண்ணு கேட்கணும். என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா எங்களுக்குப் போக்கிடம் உங்க வீடுதான். மறுபடியும். பரவாயில்லையா?"

இங்கே மாப்பிள்ளைக்கு வேலை போனபிறகு ஒரு வருஷம் அவர்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். நான் எழுதுகிற அறையில் மூன்று பேரும் படுத்துக்கொண்டார்கள். நான் ஹாலில், டிவி சத்தத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அவர்களை விமானம் ஏற்றிவிட்டு வந்த கையோடு மேசையைத் திரும்ப அறைக்குள் இழுத்துப் போட்டேன். வம்பு வேண்டாம் என்று சனிக்கிழமை நான் சொன்னதற்குக் காரணம் இந்த மேசை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் காரணம்.

"மச்சான், இருக்கீங்களா?"

[போனைக் காதில் இடுக்கிக்கொண்டுதான் இந்த வரியையும் எழுதுகிறேன். "வாங்க" என்று ஒரு சொல். அது வாயில் வரமாட்டேன் என்கிறது.]

"சீக்கிரம் சொல்லுங்க. ஏழாம் மாடியில யாரோ பட்டனை அமுக்கிட்டாங்க. ரெட்டைப் பிள்ளைங்க சத்தம் கேட்குது."

இவ்வளவு தூரம் படித்தீர்களே. நீங்களாவது சொல்லுங்கள், அவர் லைனில்தான் இருக்கிறார்.