ஓரம் தாண்டியவனுக்கான விதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் பல்செட் உடைந்தது; அதனால் என் தலையில் வந்து விழுந்தது. ஒட்டித் தருகிறவர் வீட்டு முன்னறையிலேயே பட்டறை வைத்திருந்தார். தெருவில் அவருக்குப் பல்செட் அக்கா என்று பெயர். "அரை மணி நேரம் ஆகும், உக்காருங்க" என்றார். வாயைப் பொத்திக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்வது? உள்ளறைக் கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்த்தேன். [தப்புதான். எழுதுகிறவனிடம் நாகரிகத்தையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.]

அறை முழுக்க ஒரே மேசை. மேலே பச்சைத் துணி, தீப்பெட்டி உயரத்தில் வீடுகள், ஒரு கல்சுவர், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத சிப்பாய்கள். சிலர் நின்றார்கள், சிலர் சுடப்பட்டுச் சாய்ந்து கிடந்தார்கள். கையில் பழைய காலத்து நீளத் துப்பாக்கி. குழல் வாயில் மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் கிட்டித்துச் சுடுகிற ரகம். எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கம் பத்துப் பேர், இன்னொரு பக்கம் ஒன்பது.

"ஒண்ணு குறையுதே?" என்றேன்.

அக்கா அரத்தைக் கீழே வைத்தார். "ஒருத்தர் வெளிய போயிருக்கார்" என்றார்.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "போர்க்களத்தைப் புகை சூழ்ந்திருந்தது. சார்ஜென்ட் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, தொலைவில்"

சீச்சீ. புகையாவது மண்ணாவது.

நடந்தது இதுதான். அக்காவின் கணவரும் கணவரின் தம்பியும் ஞாயிறு மதியங்களில் இந்தச் சின்னச் சண்டை ஆட்டத்தை ஆடுவார்கள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் இரண்டு விதிப் புத்தகங்கள் இருந்தன, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. நீலத்தில் சுடுவதற்கான விதி சுளுவாக இருக்கும். சிவப்பில் சிப்பாய் பயந்து ஓடுவதற்கான விதி பிரமாதமாக இருக்கும். எதை வைத்து ஆடுவது என்று முடிவெடுக்க இருவருக்கும் மனசு வரவில்லை. நீலத்திலிருந்து துப்பாக்கியையும் சிவப்பிலிருந்து பயத்தையும் எடுத்துக் கலந்துகட்டி ஆடினார்கள்.

கணவர் தன் ஜாடையிலேயே, கண்ணாடி போட்ட ஒரு சார்ஜென்டுக்கு வர்ணம் பூசி வைத்திருந்தார். பதினோரு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, அந்தச் சார்ஜென்ட் பயந்துபோய் மேசையின் வாசல் பக்கத்து ஓரத்தைத் தாண்டி ஓடிவிட்டார். அங்கே பிடித்தது வினை. நீலப் புத்தகப்படி, ஓரம் தாண்டியவன் செத்தவன் கணக்கு. சிவப்புப் புத்தகப்படி, அவனுக்காக ஒவ்வொரு சுற்றும் பகடை உருட்டலாம். ஆறு விழுந்தால் போன ஓரத்தின் வழியே திரும்பி வருவான். இதைப் பற்றி அவர்கள் முன்னாடியே பேசி வைக்கவில்லை. தம்பி நீலம் என்றார், அண்ணன் சிவப்பு என்றார், காச்சுமூச்சென்று சண்டை. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

போனவர் வரவேயில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, ரயில் ஸ்டேஷன் எல்லாம் தேடியாயிற்று.

3

சுட்டவன் மறுபடி கிட்டிக்க ஒரு சுற்று ஆகும். அதுவரை அவன் காலடியில் பட்டறைப் பஞ்சில் ஒரு துளி கிள்ளி வைப்பார்கள். புகைக்குப் புகை, அடையாளத்துக்கு அடையாளம். ஆட்டம் நின்றபோது நாலு பேர் காலடியில் பஞ்சு இருந்தது. அதன் பிறகு மேசையை யாரும் தொடவில்லை.

இந்தக் கதையின் இரண்டாம் பிரதியில் "நாலு" என்றுதான் எழுதினேன். மறுநாள் வாசித்தால் "மூன்று" என்றிருக்கிறது, என் கையெழுத்திலேயே. வயசாகிறது என்று சமாதானம் செய்துகொண்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நேத்து வரைக்கும் நாலுதாங்க" என்றார். "காலைல பாத்தா மூணு. கல்சுவர்கிட்ட நிக்கிறவன் கிட்டிச்சு முடிச்சிட்டான் போல."

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"இருக்கும். ஆனா அவன் வாசப் பக்கமா திரும்பி நிக்கிறானே?"

[இந்த இடத்தை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.]

4

கொழுந்தனை வில்லனாக்கிப் பார்த்தேன். அண்ணனை அவர்தான் ஏதோ என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஒட்டவில்லை. இந்த ஞாயிறு அவர் வந்து நின்ற கோலத்தைக் கேட்டால் உங்களுக்கும் ஒட்டாது.

வீட்டுச் சொந்தக்காரர் வீட்டைக் கேட்கிறார், மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மேசையோ அந்த அறைக்குள்ளேயே ஆணி அறைந்து செய்தது. பிரிக்காமல் வெளியே வராது.

"அண்ணி, ஆட்டத்த முடிச்சு எடுத்து வச்சிரலாம். நீலப் புத்தகத்துலயே முடிப்போம்."

"ஏன் நீலம்?"

"சீக்கிரம் முடியும்."

"உங்க அண்ணனையும் சேத்தா முடிக்கிறீங்க?"

அவர் முகம் சுண்டிப்போனது. "பதினோரு மாசமாச்சு அண்ணி. அன்னிக்கு நான் விட்டுக்குடுத்திருந்தா அவன் எழுந்தே போயிருக்க மாட்டான். சிவப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும்." லிஃப்ட் குழிக்குள் அசராமல் இறங்குகிற மனுஷன், தேம்பித் தேம்பி அழுதார்.

"அப்ப இப்ப சொல்லுங்க."

"என்னத்த?"

"சிவப்புன்னு."

"சிவப்பு" என்றார்.

5

முடிவு ஒன்று: ஆறு விழவில்லை. துணியைச் சுருட்டினார்கள். இருவருக்கும் மனசு லேசாகி [எனக்குப் பிடித்த முடிவு. எழுதி வைத்தால் மறுநாள் காணாமல் போய்விடுகிறது.]

முடிவு இரண்டு: அக்கா உருட்டினார், இரண்டு. மறுபடி உருட்டினார், நாலு. மூன்றாவது தடவை ஆறு.

சார்ஜென்டை ஓரத்தில் வைக்க வேண்டும். சிப்பாய்ப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள், மேசைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தார்கள். ஆள் இல்லை.

"அன்னிக்குச் சட்டைப் பைல போட்டுக்கிட்டுதான் போனான் அண்ணி" என்றார் கொழுந்தன். "நான் பாத்தேன்."

வாசல் மணி அடித்தது. [இந்த வரியை நான் எழுதவில்லை. மூன்று தடவை கோடு போட்டு அடித்தும் போகவில்லை.]

கொழுந்தன் துள்ளி எழுந்தார். அக்கா கைகாட்டி நிறுத்தினார். சிவப்புப் புத்தகத்தில் அதற்கு அடுத்த வரியை அந்த வீட்டில் யாருமே வாசித்ததில்லை, அதுவரைக்கும் யாரையும் திருப்பிக் கொண்டுவர ஆறு விழுந்ததில்லை. அக்கா விரல் வைத்து வாசித்தார்: "திரும்பி வந்தவனைப் பழைய பக்கத்தவன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவன் எந்தப் பக்கம் என்பதற்கு இன்னொரு முறை உருட்டவும்."

மணி மறுபடியும் அடித்தது.

"உருட்டுங்க அண்ணி. உருட்டாமத் தொறக்காதீங்க."

அக்கா பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டார். "எந்தப் பக்கமா இருந்தா என்ன தம்பி? வந்தவர் வந்தவர்தானே?"

இதற்கு மேல் என்னால் ஆகாது. நான் உருட்டினால் என்ன விழுந்தாலும் காலையில் அது வேறாக இருக்கும். என் கையை நானே நம்பவில்லை. உங்கள் கையை நம்பினால் நீங்கள் உருட்டுங்கள். உருட்டாமலே திறக்கலாம் என்று தோன்றினால், அக்கா தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார், நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.