நூற்றுக்கு இரண்டு

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து சொன்னபிறகுதான் ஓசூரில் அந்த மெட்ரிக் பள்ளிக்கூடத்துக்கே விஷயம் தெரிந்தது. அதுவரைக்கும் பிள்ளைகள் சும்மா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வந்தவர் பெயர் மாதவன். கதர் ஜிப்பா, தோளில் துணிப்பை, காதில் விழுந்தும் விழாத குரல். முன்பு ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாராம். அதை உதறிவிட்டு இப்போது பிள்ளைகளுக்குக் 'கவனம்' கற்றுக்கொடுக்கிறார். வாரம் ஒரு நாள், புதன்கிழமை கடைசிப் பீரியட். இரண்டாயிரத்தாறில் ஓசூரில் எதற்கு வேண்டுமானாலும் கிளாஸ் நடத்தலாம். மூச்சு விடுவதற்கு நடத்தினால்கூடப் பெற்றவர்கள் வரிசையில் நின்று சேர்ப்பார்கள்.

முதல் வகுப்பு முடிந்த அன்று தமிழ்செல்வி வீட்டுக்கு வந்து அம்மா வீரலட்சுமியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஆளுக்கொரு அவரைக்கொட்டை கொடுத்தாராம். பத்து நிமிஷம் வாயைத் திறக்காமல் அதையே பார்க்க வேண்டுமாம். பிறகு நாற்பது கொட்டைகளையும் ஒரு தட்டில் போட்டுக் கலக்கிவிட்டு, அவரவர் கொட்டையை அவரவர் கண்டுபிடித்து எடுக்க வேண்டுமாம். தமிழ்செல்வி எடுத்துவிட்டாள். அவளுடைய கொட்டையின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கீறல் இருந்ததாம்.

"ஏட்டி, கொட்டையப் பாக்கதுக்கா ஒரு வாத்தியாரு" என்று வீரலட்சுமி சிரித்தாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாகியும் கேலி செய்யும்போது மட்டும் அவளுக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

சிரிக்காமல் என்ன செய்வாள்? அவள் வேலையே அதுதான். சிப்காட்டில் ஒரு ரப்பர் கம்பெனி. மோதிரத்தைவிடச் சின்னதாக, கறுப்பாக வளையங்கள் செய்கிற இடம். பைக் பிரேக்குக்குள் போகிற வளையங்கள். ஷிப்டுக்கு ஆறாயிரம் வளையங்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வெட்டு, குழி, பிசிறு இருந்தால் சிவப்பு டப்பா. இல்லாவிட்டால் பச்சை டப்பா. ஒன்பது வருஷமாகப் பார்க்கிறாள். இது பெரிய தியானமம்மா என்று ஒரு ஜிப்பாக்காரரும் வந்து அவளிடம் சொன்னதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்று சூப்பர்வைசர் ஆஞ்சப்பன் மட்டும் தினமும் சொல்வான். விளக்கெண்ணெயாவது கம்பெனி கொடுத்ததா என்றால் அதுவும் இல்லை.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. இரண்டு வருஷமாக வீரலட்சுமிக்குக் கிட்டத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. வயது நாற்பத்திரண்டு. பாகலூர் ரோட்டில் பஸ் திரும்பும்போதே எந்த பஸ் என்று சொல்லிவிடுவாள். கையில் இருக்கிற வளையம்தான் புகைமூட்டமாகத் தெரியும்.

கண்ணாடி போட்டால் தீர்ந்தது. போட்டால் வேலையும் தீர்ந்தது. அப்படித்தான் லைனில் எல்லோரும் நம்பினார்கள், காரணமில்லாமலும் இல்லை. மாரம்மா என்று ஒருத்தி கண்ணாடியோடு வந்து நின்றாள். மறுநாளே அவளை, ரப்பரை அச்சில் வேகவைக்கிற மோல்டிங் பக்கம் அனுப்பினார்கள். அந்தச் சூட்டில் மூன்று மாதம் வெந்துவிட்டு மாரம்மா தானாகவே நின்றுகொண்டாள். வீரலட்சுமியோ இன்னும் கான்ட்ராக்ட். நாற்பது பேரில் பன்னிரண்டு பேரைப் பெர்மனென்ட் ஆக்கப்போகிற லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் கண் தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு என்ன பைத்தியமா?

கண் தெரியாமல் எப்படிச் சமாளித்தாள் என்று கேட்டால், அது ஒன்றும் கம்ப சூத்திரமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கண் டெஸ்ட் என்று கம்பெனி ரிஜிஸ்டரில் இருந்தது. ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தது. பெரிது பண்ணிக் காட்டுகிற லென்ஸ் விளக்குகள் மூன்று இருந்தன. ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்று பீரோவிலிருந்து வெளியே வந்து, ஆள் போனதும் உறை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். இதையெல்லாம்விடப் பெரிய வசதி, ரிஜெக்ட் நூற்றுக்கு இரண்டு என்பதுதான். மூன்றாகிவிட்டால் மோல்டிங்காரன் சண்டைக்கு வருவான். ஒன்றாகிவிட்டால் நீ பார்க்கவே இல்லை என்பார்கள். இரண்டு என்றால் எல்லோருக்கும் நிம்மதி. வீரலட்சுமி கட்டைவிரலால் தடவிப் பார்த்து, கையில் நெருடியதை எடுத்து, நூற்றுக்கு இரண்டு சிவப்பில் போட்டாள். இரண்டு வருஷத்தில் ஒரு குறை சொன்னவர் கிடையாது. நல்ல இன்ஸ்பெக்டர் என்று ஒரு எவர்சில்வர் டப்பாகூடக் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் கவனம் முன்னேறிக்கொண்டிருந்தது. இரண்டாம் வாரம் பிள்ளைகள் சுவரைப் பார்த்தார்கள். மூன்றாம் வாரம், வீட்டில் யாராவது ஒருவரைப் பத்து நிமிஷம் பார்த்து எழுதிவரச் சொன்னார் மாதவன். நல்லது கெட்டது சொல்லக்கூடாது, பார்த்ததை மட்டும் தமிழிலேயே எழுத வேண்டும், வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். மாதவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் நோட்டில் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மாதிரி ஒரு நட்சத்திரம் ஒட்டிவிட்டார். வீரலட்சுமி வழக்கம்போல நோட்டை வாங்கி, படிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள்.

மாதக் கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டு விழா வைத்தார்கள். அப்பா சுடலைமுத்துவுக்கு ஃபவுண்டரியில் ஷிப்டு. வீரலட்சுமி மட்டும் போனாள். முன்வரிசையில் ஸ்ரீராம் உட்கார்ந்திருந்தார். அவள் கம்பெனியின் குவாலிட்டி மேனேஜர். அவர் மகனும் அதே வகுப்பு. மேனேஜர் பிள்ளையோடு தன் பிள்ளையும் படிக்கிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மாதவன் கண்ணை மூடி ஒரு நோட்டை உருவினார். வகுப்பு டீச்சர் ராஜலட்சுமி மைக்கில் படித்தார்.

"நான் என் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கும்போது விரலால் தடவுகிறார். கல் அப்படியே இருக்கிறது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறார். அம்மாவுக்குத் தூரத்தில் இருப்பது தெரிகிறது. பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை. என் முகத்தைப் பார்க்க அம்மா இரண்டடி பின்னால் போகிறார்." டீச்சரின் குரல் தடுமாறியது. மைக்கைப் பிடித்தாயிற்று, பாதியில் நிறுத்த முடியவில்லை. "இந்த நோட்டை அம்மா படிப்பதில்லை. கையெழுத்து மட்டும் போடுகிறார். இதிலும் போடுவார்."

போட்டிருந்தாள். பெயரையும் சேர்த்துப் படித்தார்கள்.

எக்ஸலண்ட் என்றார் மாதவன். பிள்ளையின் கவனத்தைப் பாருங்கள் என்று அவரே கை தட்டி ஆரம்பித்துவைத்தார். மண்டபம் முழுக்கத் தட்டியது. தன் சோற்றில் மண் விழுந்ததற்கு ஊரே கைதட்டுவதை வீரலட்சுமி எழுந்து நின்று கும்பிட்டு ஏற்றுக்கொண்டாள். ஸ்ரீராம் மட்டும் தட்டவில்லை. திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தூரத்துக்கு அவர் முகம் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகளை வெளுத்து வாங்கவேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. வாசலில் நிறுத்தி, ஏன் எழுதினாய் என்று கேட்டாள்.

"பாத்தத மட்டும்தானம்மா எழுதச் சொன்னாங்க."

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வீரலட்சுமி அந்தக் கையால் பூட்டைத் திறந்தாள். கோபம் தீரவில்லை. கோபத்துக்கு அடியில், இந்தப் பிள்ளை தன்னை இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறதே என்ற நினைப்பும் இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்ரீராம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. இவ்வளவு நாள் எப்படி மறைத்தீர்கள், பிரேக்கில் போகிற பார்ட் என்று தெரியுமா தெரியாதா, லிஸ்டில் பேர் போட்டிருக்கிறேனே என்று பொரிந்து தள்ளினார். அவளும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கண் டெஸ்டில் மட்டும் எப்படிப் பாஸ் ஆனீர்கள் என்று கேட்டாரே, அப்போதுதான் தலை நிமிர்ந்தது.

"டெஸ்ட் எங்க சார் நடந்துச்சு? ரெண்டு வருஷமா நாப்பது பேருக்கும் நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்க. நாங்க சீட்ட விட்டு எந்திரிக்கவே இல்லியே."

ஸ்ரீராம் எழுந்து கதவைச் சாத்தினார். அடடா, அதற்குப் பிறகு அந்த மனிதருக்குத்தான் எவ்வளவு இரக்கம் சுரந்தது. உட்காரச் சொன்னார். டீ வந்தது. அரை நாள் பர்மிஷன், நல்ல கண்ணாடிக் கடைக்கு வழி, கண்ணாடி போட்டுக்கொண்டு லைனிலேயே இருக்கலாம் என்ற உத்தரவு, எல்லாம் வந்தன. லிஸ்டில் பேர் அப்படியே இருக்கும் என்றார். ரிஜிஸ்டர் விஷயத்தை வெளியே பேச வேண்டாம் என்றார். வீரலட்சுமிக்கு வெளியே வந்ததும் கால் தரையில் பாவவில்லை. மாரம்மாவுக்கு ஒரு நியாயம், தனக்கொரு நியாயமா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு நாளில் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு லைனில் உட்கார்ந்து முதல் வளையத்தை எடுத்தாள். அதன் ஓரமும் மடிப்பும் பளிச்சென்று தெரிந்தன. மூன்றாவது வளையத்தில் மயிரிழையாக ஒரு வெட்டு. சிவப்பில் போட்டாள். ஒன்பதாவதில் ஒரு குழி. முதல் நூறு முடிந்தபோது சிவப்பில் ஏழு கிடந்தன. இரண்டாம் நூறில் எட்டு. அவற்றில் பாதிக்கு மேல் விரலில் நெருடவே இல்லை. நாளைக்கு முந்நூறு மோசமான வளையத்தை இந்தக் கை பச்சையில் போட்டிருக்கிறது என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. இரண்டு வருஷம்.

பதினோரு மணிக்கு ஆஞ்சப்பன் ஓடிவந்தான். கண்ணாடி போட்டதும் ரிஜெக்ட் ஜாஸ்தி ஆகிவிட்டதே அக்கா, மோல்டிங்காரர்கள் தன் தலையை உருட்டுகிறார்களே என்று புலம்பினான். அவள் வெட்டைக் காட்டினாள். அவன் வளையத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, எங்கே எங்கே என்று தேடினான். அவனுக்கும் நாற்பத்தைந்து வயது. பிறகு ஸ்ரீராமே வந்தார். அவருக்கு வெட்டு உடனே தெரிந்தது. வளையத்தைச் சிவப்பிலும் போடாமல் பச்சையிலும் போடாமல் நடுவில் மேஜைமேல் வைத்தார்.

"வெள்ளிக்கெழம லிஸ்ட் ஒட்டறோம். பழையபடியே போகட்டும், வீரலட்சுமி."

அவர் போனபிறகு அவள் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். சுக்ரா என்ற பெண் அங்கே வளையம் பார்த்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தாறு; நல்ல கண். அவளுடைய பச்சை டப்பாவிலும் மேலாகவே வெட்டு விழுந்த வளையங்கள் கிடந்தன. வீரலட்சுமி ஒன்றை எடுத்து நீட்டினாள். சுக்ரா அதைப் பார்க்கவில்லை.

"தெரியும்க்கா. எங்களுக்கெல்லாம் தெரியத்தான் செய்யுது. ரெண்டுக்கு மேல எடுக்கறதில்ல, அவ்ளோதான்" என்றாள் மெதுவாக.

இரண்டு வருஷமாகத் தனக்கு மட்டும்தான் கண் தெரியவில்லை என்று எண்ணிப் பயந்து செத்தது எவ்வளவு வீண் என்று வீரலட்சுமிக்கு அப்போது விளங்கியது. மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க முடியாது. அவள் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தாள். கட்டைவிரலால் வளையங்களைத் தடவ ஆரம்பித்தாள். அன்றைய ஷீட்டில் நூற்றுக்கு இரண்டு என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். ஒன்பதாவது பெயர் அவளுடையது. லைனில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தபோது சுடலைமுத்து ஒரு புது பைக்கில் உட்கார்ந்திருந்தான். மனைவி பெர்மனென்ட் ஆன தைரியத்தில் அன்று காலையில்தான் எடுத்திருக்கிறான். ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, விளக்கின்மேல் சந்தனம் குங்குமம். பின்னால் தமிழ்செல்வி பள்ளிக்கூடச் சீருடையோடு அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டில் வந்து நின்றவர்கள் எல்லாம் பைக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இறங்குட்டி" என்றாள் வீரலட்சுமி.

பிள்ளை இறங்கி, அம்மாவின் முகத்தையே பார்த்தது. சுடலைமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டிக்கு என்ன குறை, பிரேக் எப்படிப் பிடிக்கிறது பார் என்று வண்டியை இரண்டடி உருட்டி நிறுத்திக் காட்டினான். வீரலட்சுமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். அவன் வண்டியை அவர்கள் கூடவே மெல்ல ஓட்டிக்கொண்டு, பெர்மனென்ட் ஆனதும் புத்தி பிசகிவிட்டதா, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே வந்தான். மேம்பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. அங்கே அவள் நின்று கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களும் இறங்கிருங்க. தள்ளிக்கிட்டே வாங்க."