குன்றைப் பிடித்தவனின் விடைத்தாள்

தலைநகரின் அருங்காட்சியகங்களையும் போர் நினைவிடத்தையும் பார்க்கப் பஸ்ஸில் போன பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். திரும்பி வந்தவர்கள் நாற்பத்துமூன்று பேர். யாரும் பதறவில்லை. ஒரு பிள்ளை குறைந்திருந்தால் தலைமையாசிரியர் எழுத்துமூலம் விளக்கம் கொடுத்திருக்க வேண்டும், பெற்றோர் வாசலில் வந்து கத்தியிருப்பார்கள். ஒன்று கூடினால் என்ன செய்வது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் சொல்லவில்லை. அதனால் கூடி வந்தவனும் மற்றவர்களோடு இறங்கிக் கால் உதறிவிட்டு நின்றான். அவன் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் போரில் செத்துப்போன சிப்பாய். பிள்ளைகளைக் கூட்டிப்போன வரலாற்று ஆசிரியைக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

ஆசிரியைக்கு வயது நாற்பத்து நான்கு. பிள்ளைகள் வைத்த பெயர் தேதி டீச்சர். போர் ஏன் வந்தது என்று கேட்டால் எந்தக் கிழமை வந்தது என்று சொல்லுவாள். ஏன், எதற்கு என்பதெல்லாம் பரீட்சையில் வராது, தேதி வரும் என்பது அவள் கட்சி. பாடப்புத்தகத்தின் எண்பத்து நான்காம் பக்கத்தில் அவளுடைய அண்ணன் இருந்தான். நானூற்றுப் பன்னிரண்டாம் குன்றைத் தனி ஆளாகப் பிடித்து, தாய்நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டே உயிர்விட்ட பத்தொன்பது வயது வீரன் என்று ஆறு வரி. அந்த ஆறு வரியை இருபத்தோரு வருஷமாக அவள் குரல் பிசகாமல் வாசித்து வந்தாள். அம்மாவோ அந்த ஆறு வரிக்குள்ளேயே குடியிருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வாசலில் ஜீப் வந்து நிற்கும். அம்மா போய் விழா மேடையில் முன்வரிசை நாற்காலியில் உட்காருவாள். அந்த வருஷத்து மந்திரி அவள் கையைப் பிடித்துக்கொள்வார், படம் எடுத்து முடிந்ததும் விட்டுவிடுவார். ஊரில் அவளுக்குக் குன்றம்மா என்றே பெயர்.

சுற்றுலாவுக்கு வழக்கமாக விளையாட்டு வாத்தியார்தான் போவார். அந்த வருஷம் அவர் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். வேறு ஆள் இல்லாததால் தேதி டீச்சர் போக வேண்டியதாயிற்று. காலையில் முதல் அருங்காட்சியகம். ஒரு தலைவர் உட்கார்ந்த நாற்காலி, அவர் கையெழுத்துப் போட்ட பேனா, அவர் தும்மியபோது பிடித்த கைக்குட்டை, எல்லாவற்றுக்கும் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்கு ஒரு காவலாளி. பிள்ளைகள் ஏசி காற்று எங்கே நன்றாக வருகிறது என்று பார்த்து அங்கே கும்பலாக நின்றார்கள். இரண்டாவது அருங்காட்சியகத்தில் வாள்கள். எல்லா வாளும் ஒரே பட்டறையில் போன மாதம் செய்தது போலப் பளபளத்தன. ஒரு பையன் கைப்பிடியில் விலைச்சீட்டு ஒட்டியிருப்பதாகச் சொல்லித் திட்டு வாங்கினான். சீட்டு ஒட்டித்தான் இருந்தது.

மூன்றாவதுதான் போர் அருங்காட்சியகம். அங்கே நானூற்றுப் பன்னிரண்டாம் குன்றைச் சுண்ணாம்புக் காரையில் இடுப்புயரத்துக்குக் கட்டி, வெடிக்குப் பதில் சிவப்பு பல்பு எரியவிட்டிருந்தார்கள். விளக்கம் சொல்லும் ஆள் சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு, வாய் ஒரு பக்கமும் கண் கடிகாரத்தின் பக்கமுமாகப் பேசினார். கண்ணாடிப் பெட்டிக்குள் வீரன் அணிந்த ஷூ, ஒன்பதாம் நம்பர், நெற்றி தெரியும் அளவுக்குப் பாலிஷ். பக்கத்தில் அவன் கடைசியாக எழுதிய கடிதம். 'அன்னையே, அழாதீர். என் குருதி இம்மண்ணின் மலராகும்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. தேதி டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தாள். அண்ணன் எழுதிய ஒரே கடிதத்தைப் பன்னிரண்டு வயதில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவளே அவள்தான். 'அம்மா, ஷூ ஆறாம் நம்பர் குடுத்துட்டாங்க, கால் எரியுது, என் பழைய செருப்ப அனுப்பு' என்று கோணல்மாணலாக இருந்தது. கண்காட்சிக்கு என்று கேட்டு வாங்கிப்போனவர்கள் அதை இப்படிச் செப்பனிட்டிருந்தார்கள். அதற்குள் விளக்கம் சொல்லும் ஆளுக்கு அவள் யார் என்று தெரிந்துபோய், வீரரின் தங்கையே நம்மிடையே இருக்கிறார் என்று மைக்கில் சொல்லிவிட்டார். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் கை தட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டு கை தட்டினாள்.

நினைவிடத்தில் சுவர் முழுக்கப் பெயர்கள். இரண்டு நிமிஷ மௌனம் என்றார்கள். முதல் நிமிஷத்தில் மூன்று போன் அடித்தது, இரண்டாவது நிமிஷத்தில் காவல் நின்ற அதிகாரியின் போனே அடித்தது. அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு பையன், கழிப்பறைக்குப் போய்விட்டு வருபவனைப் போல ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். பழைய மாதிரி உடுப்பு, காலில் இறுக்கிப்பிடித்த ஷூ. நேராக அவளிடம் வந்தான்.

"குட்டி, நம்ம பஸ் எது?"

அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன நீ இப்படிக் கிழவியாயிட்ட?"

சுவரில் அவன் பெயர் இருந்த இடம் அந்தக் கணமே வழவழவென்று வெறுங்கல்லானது. இன்று வரை யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சுவரைப் படிக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. பஸ்ஸில் அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் கொடுத்த பிஸ்கட்டையெல்லாம் தின்றான். வருகிறவர்கள் எல்லாரும் தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று படம் எடுக்கிறார்கள், முப்பத்திரண்டு வருஷமாக முதுகுகளைப் பார்த்துச் சலித்துவிட்டது என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீயும் கை தட்டினியே குட்டி" என்றான். அவள் குனிந்து அவன் காலைப் பார்த்தாள். ஷூவைக் கழற்றச் சொன்னாள். வரவில்லை. இரண்டு பையன்கள் சேர்ந்து இழுத்துத்தான் கழற்ற முடிந்தது. உள்ளே ஆறு என்று முத்திரை குத்தியிருந்தது.

அம்மா கதவைத் திறந்து அவனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அடையாளம் தெரியாமல் இல்லை. தெரிந்தது என்பது அவள் கதவைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது.

"என்னம்மா இது, குன்றப் பிடிச்சது நான்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படி ஒண்ணும் நடக்கலையே" என்றான் அண்ணன், வந்ததும் வராததுமாக.

"என் மகன் குன்றப் பிடிச்சவன்" என்றாள் அம்மா. "நீ யாருப்பா? பள்ளிக்கூடத்துப் பையன்னா முன்ரூம்ல படுத்துக்க."

அன்றிலிருந்து அவன் அந்த வீட்டில் விருந்தாளியாக இருந்தான். அம்மா அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், வாங்க போங்க என்று பேசினாள். தன் போட்டோவுக்கு அவள் தினமும் விளக்கேற்றுவதை அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்த்தான்.

ஒன்பதாம் வகுப்போடு பட்டாளத்துக்குப் போனவன் என்பதால் தலைமையாசிரியர் அவனைப் பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்த காலம், செத்தவனானாலும் ஒரு தலை ஒரு தலைதான் என்றார். அரையாண்டுப் பரீட்சை வந்தது. வரலாற்றுத் தாளில் ஏழாவது கேள்வி, ஐந்து மதிப்பெண்: நானூற்றுப் பன்னிரண்டாம் குன்று கைப்பற்றப்பட்டதை விவரி. நாற்பத்திரண்டு பேரும் எண்பத்து நான்காம் பக்கத்தை அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். குன்றை யாரும் பிடிக்கவில்லை. மேலே தண்ணீர் இல்லாததால் எதிரிகள் செவ்வாய்க்கிழமையே இறங்கிப் போய்விட்டார்கள். நம்மவர்கள் வியாழக்கிழமை ஏறினார்கள். நான் புதன்கிழமை வயிற்றுப்போக்கில் செத்துப்போனேன், சமையல் கூடாரத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில். விடிகிற வரைக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன். படம் எடுக்க ஒரு பிணம் தேவைப்பட்டதால் என்னை மேலே தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆசிரியர் அறையில் தேதி டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடைக்குறிப்பில் எண்பத்து நான்காம் பக்கம் என்று இருந்தது. முதலில் பூஜ்யம் போட்டாள். கிழமைகளை மறுபடி பார்த்தாள். செவ்வாய், புதன், வியாழன். இருபத்தோரு வருஷத்தில் ஒரு மாணவன்கூட அவளுக்குக் கிழமையோடு பதில் எழுதியதில்லை. பூஜ்யத்தை அடித்துவிட்டு ஐந்துக்கு ஐந்து போட்டாள். கை அதோடு நிற்கவில்லை. மற்ற நாற்பத்திரண்டு தாளையும் எடுத்து, ஏழாவது கேள்விக்கு வரிசையாகப் பூஜ்யம் போட்டுக்கொண்டே போனாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாகத் தாள் திருத்தியதே இல்லை.

பெற்றோர் கொதித்து எழுந்தார்கள். புத்தகத்தில் இருப்பதை எழுதினால் பூஜ்யமா, அப்புறம் புத்தகம் எதற்கு என்று கேட்டார்கள், கேள்வி நியாயமானதுதான். மேலிடத்திலிருந்து ஒரு கல்வி அதிகாரி கோப்போடு வந்தார். அண்ணனை எதிரே உட்கார வைத்தார்.

"நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன் சார். செத்துப் போனேன்."

"செத்ததுக்குச் சான்றிதழ் இருக்கு, அது சரி" என்று அதிகாரி கோப்பைப் புரட்டினார். "ஆனா நீதான் அவன்ங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

அருங்காட்சியகத்திலிருந்து கடிதத்தின் நகலை வரவழைத்திருந்தார். 'அன்னையே, அழாதீர்' என்று எழுதச் சொன்னார். அண்ணன் கோணல்மாணலாக, ஒரு எழுத்துப் பிழையோடு எழுதிக் கொடுத்தான். அதிகாரி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை, எனவே பையனின் கையெழுத்து தவறு என்று முடிவெழுதினார். நாற்பத்திரண்டு பேருக்கும் ஐந்து ஐந்தாகத் திரும்பக் கிடைத்தது, அண்ணனுக்குப் பூஜ்யம். தேதி டீச்சரிடமிருந்து வரலாறு பிடுங்கப்பட்டுத் தையல் வகுப்பு கொடுக்கப்பட்டது. எண்பத்து நான்காம் பக்கத்தை இனி ஓவிய ஆசிரியர் நடத்துவார் என்று உத்தரவு. ஒரு விதத்தில் அது பொருத்தமான ஏற்பாடு.

தேதி டீச்சர் அண்ணனின் விடைத்தாளைத் திருப்பித் தராமல் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊரே பேசியது அவள் காதுக்கும் வந்திருந்தது.

"அப்படி என்னதான் எழுதிட்டானாம்? வாசி."

அவள் வாசித்தாள், எண்பத்து நான்காம் பக்கத்தை வாசிக்கும் அதே குரலில் ஆரம்பித்தாள். சமையல் கூடாரம் வந்தபோது குரல் பிசகியது, அந்த வரியை மறுபடி வாசித்து முடித்தாள். அம்மாவின் கத்தி நின்றிருந்தது. முன்னறையில் இருந்தவனைப் பார்த்துக் கேட்டாள்.

"கூப்பிட்டியா?"

வாங்க போங்க போய்விட்டதை அண்ணன் கவனித்தான். "கூப்பிட்டேன்மா."

"எத்தன தடவ?"

"எண்ணல."

"எனக்குக் கேக்கவே இல்லையேடா" என்றாள் அம்மா. "நீ நாட்டக் கூப்பிட்டேன்னு சொன்னாங்களே. நான் பெருமையா தலையாட்டிட்டு உக்காந்திருந்தேனே." கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் அவன் சட்டையைத் தூக்கி, ஒரு வைத்தியர் பார்ப்பது மாதிரி வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்று போட்டோவுக்கு விளக்கேற்றவில்லை. மறுநாள் அதைக் கழற்றி, அந்த ஆணியில் அவன் பள்ளிக்கூடப் பையை மாட்டினாள்.

அந்த வருஷம் ஜீப் வந்தபோது அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு நேரமில்லை, வீட்டில் பையன் இருக்கிறான் என்றாள். ஜீப்பில் வந்தவர் நாற்காலி காலியாகிவிடுமே என்று கெஞ்சினார். கடைசியில் போகிற வழியில் பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு கிழவியை ஏற்றிக்கொண்டு போனார்கள். மந்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். பத்திரிகைகளில் படம் வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து அந்தக் கிழவியே நிரந்தரமாக்கப்பட்டாள். வேலையில் சுறுசுறுப்பானவள் என்று கேள்வி.

அண்ணன் பொதுத்தேர்வில் இரண்டு முறை தவறினான். இரண்டு முறையும் இரண்டு மூன்று மதிப்பெண்ணில், இரண்டு முறையும் அந்தக் கேள்வியில். மூன்றாம் முறை தேதி டீச்சர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, நானூற்றுப் பன்னிரண்டாம் குன்றைத் தனி ஆளாகப் பிடித்து வீரமரணம் அடைந்தேன் என்று எழுதி, பிறகு அடைந்தேனை அடைந்தார் என்று திருத்தி, ஐந்துக்கு ஐந்து வாங்கினான். போரில் இறந்தவர்களின் வாரிசுகளுக்கான ஒதுக்கீட்டில், தனக்குத் தானே வாரிசு என்று மனுப் போட்டான். வேறு யாரும் உரிமை கோராததால் பஸ் டிப்போவில் வேலை கிடைத்தது. மீசை தடித்தது, தொப்பை லேசாக எட்டிப் பார்த்தது, பக்கத்து வீட்டுக்காரரோடு குழாய்த் தண்ணீருக்குச் சண்டை போட்டான்.

இப்போது அம்மா அவனுக்குப் பெண் பார்க்கிறாள். போன வாரம் ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளையின் தங்கைக்கு மாப்பிள்ளையைவிட இருபத்தைந்து வயது கூட என்பதைத் தரகர் எப்படியோ சமாளித்தார். நடுவில் முப்பத்திரண்டு வருஷம் செத்துப்போயிருந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்தார். சொல்லிவிடு, பிறகு தெரிந்தால் மனஸ்தாபம் வரும் என்றாள் அம்மா. அவர் சொன்னார். பெண் வீட்டார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். டிப்போ வேலை நிரந்தரம்தானா என்று மட்டும் விசாரித்தார்கள்.