பாப்பாத்தி எந்தக் கட்டத்தில் வருவாள்?

1

வாருங்கள் கண்ணுகளா, இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். கொஞ்சம் நெருங்கிக்கொண்டால் பின்னால் வருகிறவருக்கும் இடம் இருக்கும். இன்றைக்குச் சதவீதக் கதை ஒன்று சொல்லப்போகிறேன். அதற்குள் எழுந்தால் எப்படி? நல்ல கதைதான், என் பேச்சை நம்புங்கள்.

இது எனக்கு ஊறவைத்த அவரையைப் பிதுக்கும்போது கிடைத்தது. மைசூரில் மார்கழி பிறந்தால் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு கிண்ணம் அவரையை நம் மடியில் வைத்துவிடுவார்கள், பேச்சு பிறகுதான். அப்படிப் பிதுக்கிக்கொண்டே அன்னபூர்ணி சொன்னாள்: "சரியான எண்ணை எழுதப்போய் ஒரு வகுப்பையே மூட இருந்தேன், மாமி." அவள் கொடுத்தது அந்த ஒரு வரியும் இரண்டு மூன்று தகவலும்தான். மீதி என் கைவேலை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வயதுவந்தோர் எழுத்தறிவு விகிதத்தை ஆராயுங்கால், மாவட்டத்தின் பல்வேறு..."

(எழுதிய நானே முடிக்கவில்லை. நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும்?)

பிறகு இப்படி:

"மண்டி மொஹல்லாவின் மஞ்சள் வெயிலில் ஒரு பெண் தனியே..."

(வெயில் எல்லா ஊரிலும் மஞ்சள்தான். இதுவும் போகட்டும்.)

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன். அன்னபூர்ணி புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவள் அப்பா ரயில்வே வேலையாக வந்து இந்த ஊரோடு தங்கிவிட்ட தமிழர். தொண்ணூறுகளின் தொடக்கம், மாவட்டம் முழுக்க எழுத்தறிவு இயக்கம் நடந்துகொண்டிருந்தது. மைசூரின் பேட்டைகளில் ஒன்றான மண்டி மொஹல்லாவின் கணக்கைச் சரிபார்க்கும் வேலை அவளிடம் வந்தது.

அவள் எண்களைத் தேடிப் பிடித்தாள். மக்கள்தொகைக் கணக்கின் எண் ஓர் அலமாரியில், இயக்கத் தொண்டர்கள் வீடு வீடாக எடுத்த எண் இன்னோர் அலமாரியில். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது. முதல் எண்ணில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களில் பாதிப்பேர் இரண்டாவதில் இல்லை. இரண்டு வருடத்துக்குள் ஒரு பேட்டைப் பெண்கள் படிப்பை மறந்துவிடுவார்களா?

மேஜையில் உட்கார்ந்து இதற்குப் பதில் கிடைக்காது என்று எழுந்துகொண்டாள். அவளை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

3

மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி. கொள்ளேகால், ஹனூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்ப் பெண்கள் அங்கே கூடி ஊதுவத்தி உருட்டுவார்கள்.* மாலையில் அதே மாடியில் அவர்களுக்குக் கன்னட எழுத்து வகுப்பு.

(* ஊதுவத்தியின் மணத்தை வருணித்து இங்கே அரைப்பக்கம் வைத்திருந்தேன். உருட்டும்போது அதற்கு மணமே கிடையாதாம், கரியும் பிசினும்தானாம். வாசனை பிற்பாடு வேறிடத்தில் ஏற்றுகிறார்களாம். அரைப்பக்கமும் போயிற்று.)

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தினமும் ஒருத்தி வேலை செய்யாமல் வாரப்பத்திரிகைத் தொடர்கதையை உரக்க வாசிப்பாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி கூடுதலாக உருட்டி அவள் தட்டில் போடுவார்கள், அவளுக்குக் கூலி குறையக்கூடாதே.

அன்னபூர்ணி படியேறியபோது வாசித்துக்கொண்டிருந்தவள் பாப்பாத்தி. ஹனூர்க்காரி, நாற்பது வயது. கதாநாயகியின் மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல் என்று வாசித்துக்கொண்டிருந்தாள். அன்னபூர்ணி பெயரைக் கேட்டுத் தன் கையிலிருந்த தொண்டர்களின் தாளைப் பார்த்தாள். பாப்பாத்தி: எழுத்தறிவு இல்லை.

"எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்களே?"

"தெரியாதுங்க மேடம்."

"அப்போ கையில இருக்கறது?"

"இது தமிழுங்க." பாப்பாத்தி பத்திரிகையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "இதெல்லாம் அந்தக் கணக்குல வருமுங்களா?"

வரும். எந்த மொழியானாலும் சரி, புரிந்து வாசிக்கவும் எழுதவும் தெரிந்தால் எழுத்தறிவு என்பதுதான் விளக்கம். ஆனால் தொண்டர்கள் வாசலில் நின்று கன்னடத்தில் கேட்டார்கள், படிக்க வருமா என்று. இந்த ஊரில் பஸ்ஸின் நெற்றியிலும் ரேஷன் கடைச் சுவரிலும் இருப்பதுதானே படிப்பு? அது தங்களுக்கு வராதே. பெண்கள் மனசறிந்து உண்மையைத்தான் சொன்னார்கள்.

சிக்கல் இங்கேதான். அலுவலக விதிப்படி எழுத்தறியாதவர் முப்பது பேராவது இருந்தால்தான் வகுப்பு. அந்த மாடியில் பாதிக்குமேல் தமிழ் வாசிப்பவர்கள். கணக்கைத் திருத்தினால் வகுப்பு போய்விடும். அன்னபூர்ணி அதை மறைக்காமல் அவர்களிடமே சொன்னாள்.

உருட்டிய கைகள் நின்றன. மகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், பலகை வாசிக்கத் தெரியாமல் காலை முழுக்கக் கண் வைத்தியர் வரிசையில் நின்ற கதையைப் பாப்பாத்தி சொன்னாள். அந்த வாரமே வகுப்பில் சேர்ந்தாளாம்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு டாக்டர் சொன்னாருங்க" என்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இங்க பாருங்க அம்மிணி. எங்கய்யன் மண்ணுல விரல் புடிச்சு எழுதிக் குடுத்த தமிழு. அதை இல்லீன்னு எழுதிப்போடாதீங்க. வகுப்பையும் எடுத்துப்போடாதீங்க. ரெண்டுக்கும் வழி இருந்தாச் சொல்லுங்க, இல்லாட்டி நாங்க பாத்துக்கறோம்."

4

இப்போது மேலதிகாரி பசவராஜ். நான் சந்தேகப்பட்ட ஆள் இவர்தான். முதலில் எழுதியபோது இவருக்கு முறுக்கு மீசையும் மேஜையைத் தட்டும் பழக்கமும் கொடுத்திருந்தேன். கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமே.

ஆனால் அன்னபூர்ணியின் நினைவில் இருந்தவர் வேறு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னாராம்: குண்டலுபேட்டைப் பக்கம் ஓர் ஊர். அங்கே எந்த எழுத்துமே தெரியாத பெண்கள் வகுப்புக்குக் காத்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பது அந்த மாடிக்கு வருகிற ஒரே வாத்தியார். நீயே சொல்லம்மா, யாருக்கு அனுப்ப?

மீசையை எடுத்துவிட்டேன்.

5

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: அன்னபூர்ணி பழைய எண்ணையே விட்டுவிடுகிறாள், வகுப்பு பிழைக்கிறது. (கூடாது. பாப்பாத்தியின் அய்யன் பிடித்த விரலை நாமே தட்டிவிட்டதாகும்.)

இரண்டு: எண்ணைத் திருத்துகிறாள், மாடி பூட்டப்படுகிறது, அவள் படியிறங்கும்போது மழை... (மழையெல்லாம் வேண்டாம். அவள் அழுகிற ஆளும் இல்லை.)

மூன்றாவதைச் சொல்கிறேன். மறுநாள் அவள் ஆஸ்பத்திரிப் பலகைகளில் இருப்பதை ஓர் அட்டையில் பார்த்து எழுதிக்கொண்டு மாடிக்குப் போனாள். ஒவ்வொருத்தியிடமும் காட்டி வாசிக்கச் சொன்னாள். ஒருத்திக்கும் வரவில்லை. அலுவலகம் திரும்பி, எழுத்தறிந்தோர் எண்ணை உள்ளது உள்ளபடி திருத்தினாள். அதன்கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: இந்த ஊரின் பலகையை வாசிக்க இயலாதோர், வகுப்பிலுள்ள அனைவரும்.

இப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லையே என்றார் பசவராஜ்.

"கோடு போட்டா வந்துடும், சார். குண்டலுபேட்டைக்காரங்களுக்கும் வாத்தியார் வேணும். இவங்களை எண்ணுலயே காட்டலேன்னா, ரெண்டாவது வாத்தியாரை மேலிடத்துல எதை வச்சுக் கேப்பீங்க? உங்க ஸ்கேலைக் கொஞ்சம் கொடுங்க."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். மர ஸ்கேலை எடுத்தார். ஒரு முனையை அவர் பிடித்திருக்கிறார், மறுமுனையை அவள் பிடித்திருக்கிறாள்.

இங்கே நிறுத்துகிறேன். பிறகு என்ன ஆயிற்று என்று நானும் கேட்டேன். அன்னபூர்ணி சொல்லவும் செய்தாள். ஆனால் இதை நான் எழுதுவது அவள் சொன்னதற்காக இல்லை. உங்களில் யாராவது ஒருநாள் அந்த நாற்காலியில் உட்காருவீர்கள். மாடியில் பெண்கள் அன்றைய தொடரைத் தொடங்கிவிட்டார்கள். பாப்பாத்தியின் காது மட்டும் படிச்சத்தத்தில் இருக்கிறது, வாத்தியார் வருகிறாரா என்று. ஸ்கேல் உங்கள் கையில். கோட்டைப் போடுங்கள்.

போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், கண்ணுகளா. உங்கள் பிள்ளைகள் நிற்கவேண்டிய வரிசையில் நிற்கட்டும். உங்கள் வீட்டில் வாசிக்கிற குரல் ஒன்று எப்போதும் கேட்கட்டும். அந்தக் குரலுக்காக ஒரு பிடி கூடுதலாக உருட்டும் கைகளும் குறையாமல் இருக்கட்டும்.