இரண்டு விரல் இடைவெளி

அது மேட்டூர் அணை திறக்காத வருஷம். கீழ்வேளூர்ப் பக்கம் வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, ரெமிஜியஸுக்கு இருந்தது ஒரே வேலைதான்: மத்தியானத்தில் மனைவியோடு செபமாலை சொல்வது.

லின்சி குவைத்தில் நர்ஸ், பிரசவத்துக்கு வந்தவள். சிசேரியனுக்குப் பிறகு வயிற்றின் நடுத்தசை மூன்று விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்தது. அது ஒரு விரலுக்குள் சேர்ந்தால்தான் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சடக்குன்னு எழும்பி எழும்பிப் படுத்தா சீக்கிரம் சேந்துடாதா?" என்று முதல் நாள் கேட்டான்.

"இன்னும் பொளந்துக்கும். நீங்க செபத்தைச் சொல்லுங்க, போதும்."

பாயில் மல்லாந்து முழங்காலை மடக்கிக்கொள்வாள். அவன் 'அருள்நிறைந்த மரியே' என்று முதல் பாதியைச் சொல்லும்போது மூச்சை இழுப்பாள். மறுபாதி அவளுடையது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தொப்புளை மெல்ல உள்ளிழுத்து நிறுத்துவாள். வாய் பேசினால் மூச்சை அடக்க முடியாதாம். அடக்கினால் வயிறு வெளியே முட்டுமாம். பத்து மணி உருட்டியதும் ஓய்வு. மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் பெற்றவள்தானே!

ஓட்டு இடுக்கு வெயில் வட்டம் வட்டமாக அவள்மேல் விழுந்து நகரும். தூளியில் பிள்ளை தூங்கும். இரண்டு குரலும் மாறி மாறி வர, அது எந்த மாதம் என்பதே அவனுக்கு மறந்துபோகும். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம்கூடக் கேட்கும். தண்ணீர் வந்துவிட்டால் இவள் போக வேண்டாமே என்று ஏங்குவான்.

கடைசியில் தலையை மட்டும் லேசாகத் தூக்குவாள். தொப்புளுக்கு மேல் விரல் வைத்து அளப்பது அவன் பொறுப்பு. மூன்று விரல் இரண்டானது. பிறகு ஒருநாள் அவன் சுட்டுவிரலே உள்ளே இறங்கவில்லை.

"எவ்வளவு?"

"ரெண்டு," என்றான், கூசாமல். மறுநாளும் இரண்டு. மூன்று வாரமாக இரண்டேதான்.

குவைத்திலிருந்து ஃபோன் வந்தது. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேலை போய்விடும். அன்று அளக்க வைத்த விரலை அவன் எடுத்துக்கொண்டான்.

"பொய் சொல்லிட்டேன், லின்சி. அது எப்பவோ சேந்துடுச்சு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. "பன்னெண்டு வருஷமா நர்ஸுங்க நான். என் வயிறு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் தெனமும் என்னைய அளக்கச் சொன்ன?"

"நீங்க ரெண்டுன்னு சொல்றதைக் கேக்கத்தான்."

ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்தாள். தூளியிலிருந்து பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"வயிறு வலிக்குதா?"

"இல்லீங்க, கொஞ்சம்கூட வலிக்கல," என்று சொல்லி அழுதாள்.