‘கெட்’டுக்கு ஓர் உதாரணம்

திருவையாற்றில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி, ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு இணையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது வித்யாலக்ஷ்மியின் வேலை. அன்று பாடம் ‘கெட்’ என்ற சொல். வாங்குவது, கிடைப்பது, போய்ச் சேர்வது, புரிவது, ஆவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். ஸ்பானிஷில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருப்பதால் அவர்களுக்கு இது பெரிய தலைவலி.

பஸ் பிடிப்பது, வேலை கிடைப்பது என்று புத்தகத்து உதாரணங்களைச் சொல்லிப் பார்த்தாள். வலென்சியாவில் நெல் பயிரிடும் இக்னாசியோவுக்கு எதுவும் ஏறவில்லை. இந்தப் புத்தகத்தை எழுதியவன் வயல் பக்கமே போயிருக்க மாட்டான் என்று வித்யாவுக்கு எரிச்சல் வந்தது. "உங்கள் வயலை வைத்தே சொல்லுங்கள்" என்றாள்.

இக்னாசியோ மடமடவென்று சொன்னார். தண்ணீர் கிடைத்தது, வயலுக்குப் போய்ச் சேர்ந்தது, மண் ஈரமானது. மூன்றிலும் ‘கெட்’, மூன்றும் சரி.

"நீங்களும் நெல் விளைகிற ஊர்தானே? உங்கள் வயலுக்கு எப்போது தண்ணீர் கிடைத்தது?" என்று கேட்டார்.

வித்யா வயலைப் பற்றி யாரிடமும் விசாரித்தே பல வருடமாகியிருந்தது. அடுத்த வகுப்பில் சொல்வதாகச் சமாளித்துவிட்டு, தன் குடும்பத்து நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் வைரக்கண்ணுவைப் போனில் கூப்பிட்டாள்.

"நம்ம வயலுக்குத் தண்ணி எப்ப வந்துச்சுங்க?"

"வந்து பத்து நாளாச்சும்மா. நாத்து விட்டாச்சு."

வைரக்கண்ணு பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நிலத்த விக்கப்போறீங்களா?"